படியேறி வந்த பதில்

இது நடந்தது. கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு நேரமும் கிடையாது, மூளையும் கிடையாது. இருபத்துமூன்று வருஷமாக வீடு வீடாக வயரிங் வேலை பார்க்கிறவன் நான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல், மதியம் இரண்டேகால் மணி. குளியலறை ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நடந்தது எனக்கு இல்லை, என் அத்தானுக்கு. என் அக்காவைக் கட்டியவர். அவர் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, போனில் பதிவாகியிருந்த நேரங்களோடு சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். நம்பாவிட்டால் போங்கள், நானும் முதலில் நம்பவில்லை.

அத்தானைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆபீசில் முப்பது வருஷம் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாத தொழில் உலகத்திலேயே கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் விழுங்குவார். தையல்காரனுக்குத் துணி வெட்டக் கற்றுக் கொடுப்பார். போன வருஷம் வீட்டு மின்விசிறியைத் தானே கழற்றிப் பூட்டினார். அன்றிலிருந்து அது தலைகீழாகச் சுற்றுகிறது, காற்று கூரைக்குப் போகிறது. கேட்டால், சூடு மேலே போவது உடம்புக்கு நல்லது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தையே இடித்துக் கட்டுகிற ரகம்.

அவருடைய ஒரே பெண்ணுக்கு அந்த வாரம் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையோடு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. தையல் போட்ட உடம்பு, வாளி தூக்க முடியாது, குனிய முடியாது. வீட்டுக்கு வந்ததும் நின்ற வாக்கில் தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள். அதற்காக அத்தான் ஒரு கரண்ட் ஷவர் வாங்கி வந்தார். சுவரில் மாட்டுகிற சின்ன வெள்ளைப் பெட்டி. குழாயில் வருகிற தண்ணீரை வரும்போதே சுட வைத்துத் தலையில் விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நான் மாட்டித் தருகிறேன், அதுவரைக்கும் அடுப்பில் தண்ணீர் காய வையுங்கள் என்றேன். அத்தான் சிரித்தார்.

"ரெண்டு வயரு, ஒரு பைப்பு. இதுக்கு ஒரு ஆளு, அவனுக்கு ஒரு நாளு."

என் தொழிலைப் பற்றி அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். எனக்கு அவர் மேல் இருந்தது அதையும்விடக் கம்மி.

ரெண்டு வயர் என்று சொன்னவர் கடையில் போய் நிஜமாகவே ரெண்டு வயர் உள்ள கேபிளை வாங்கி வந்தார். மூன்றாவது வயர்தான் எர்த். பெட்டிக்குள் ஏதாவது கோளாறு என்றால் கரண்ட் மனுஷன் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போவதற்கு இருப்பது அது ஒன்றுதான். அதைக் கடைக்காரன் தலையில் கட்டப் பார்த்தானாம், இவர் ஏமாறவில்லையாம். கேபிளும் விளக்குக்குப் போடுகிற ஒல்லி ரகம். வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானும் சேர்ந்து இழுக்கிற கரண்டை இந்தப் பெட்டி ஒன்றே இழுக்கும். விரல் தடிமனில் தனிக் கேபிள் போட்டு, தனி பிரேக்கர் வைத்து, கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் முன்னே தானாக விழுகிற ட்ரிப் ஸ்விட்ச்சும் மாட்ட வேண்டும். பெட்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே சொல்லியிருந்தது. அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். இன்னொன்று செய்தார். எங்கள் வேலையில் கேபிளை முதலில் ஷவர் பக்கம் கட்டுவோம். கரண்ட் வருகிற போர்டு பக்கத்தைக் கடைசியில்தான் தொடுவோம். யாராவது கை தவறி மெயினைப் போட்டாலும் மேலே வேலை செய்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. அத்தான் போர்டில் ஆரம்பித்தார். அது கீழ்த்தளத்தில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. சுலபமானதை முதலில் முடிப்பதுதான் புத்திசாலித்தனமாம்.

மதியம் 1:05. அக்கா மெயினை அணைத்தாள். அத்தான் கேபிளின் ஒரு முனையைப் போர்டில் இருந்த காலி பிரேக்கரில் முறுக்கி, அந்த பிரேக்கரை மேலே தள்ளி ஆன் செய்தும் வைத்துவிட்டார். மறுமுனையைச் சுவரோரமாகப் படியேற்றி மாடிக் குளியலறைக்குள் கொண்டுபோனார். அக்காவை ஒரு ஸ்டூல் போட்டு மெயின் பக்கத்தில் உட்கார வைத்தார். மேலேயிருந்து அவர் கேட்பார், இவள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

1:28. மாடியிலிருந்து முதல் தடவை கேட்டார்.

"ஆஃப்தானே?"

"ஏங்க, ஆஃப்லதாங்க இருக்கு," என்றாள் அக்கா.

இருபத்தெட்டு வருஷமாக அக்கா அந்த 'ஏங்க' இல்லாமல் புருஷனிடம் ஒரு வாக்கியம் ஆரம்பித்ததில்லை. தூக்கத்தில் உளறினால்கூட அதுதான் முன்னால் வரும்.

1:38. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன். ஐந்து மணி வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கூட்டிப் போகலாம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து அத்தான் பேட்டரியில் ஓடுகிற டிரில்லால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். டர்ர்ர்... அக்கா படிக்கட்டின் அடியில் நின்று கத்தினாள். தான் கிளம்புவதாகவும், ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருப்பதால் மெயினைப் போட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னாள். மேலேயிருந்து "ம்" என்று பதில் வந்தது. பொண்டாட்டி என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் 'ம்' போடுகிற வியாதி அத்தானுக்குக் கல்யாணத்தன்றே வந்துவிட்டது.

அவள் அதை நம்பினாள். மெயினைப் போட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மணி 1:42. வீட்டில் அத்தானைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. கரண்ட் கேபிள் வழியாக ஏறி மாடிக் குளியலறையில் வந்து நின்றுகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. மாடியில் விளக்கு, விசிறி எல்லா ஸ்விட்சையும் காலையிலேயே அணைத்து வைத்திருந்தார். வெயில் வெளிச்சத்தில் வேலை நடந்தது.

1:58. டிரில் நின்றது. பெட்டி சுவரில் உட்கார்ந்தது. காது இரைச்சல் அடங்கியதும் கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. குர்ர்ர்... ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி இருந்தது. மெயின் அணைந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் எப்படி ஓடும் என்று ஒரு நொடி அவருக்கே தோன்றியிருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கலாம். டெஸ்டரை வயரில் வைத்துப் பார்க்கலாம், இரண்டு நொடி வேலை. முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஆஃப்தானே?"

"ஆஃப்தான்."

பதில் கீழேயிருந்து வந்தது. போர்டு இருக்கிற திசையிலிருந்து. அத்தான் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டார்.

2:06. தண்ணீர்க் குழாயை இணைத்தார். சரியாக இறுக்கத் தெரியாமல் தரையெல்லாம் தண்ணீர். வெறுங்கால் நனைந்தது. சந்தேகத்துக்கு மறுபடியும் கேட்டார்.

"ஆஃப்தான்."

இந்தத் தடவை பதில் போர்டு பக்கமிருந்து வரவில்லை. படிக்கட்டின் நடுத் திருப்பத்திலிருந்து வந்தது. அவ்வளவு கிட்டே. 'ஏங்க' இல்லை. அத்தானுக்குக் கோபம் வந்தது. உட்கார வைத்த இடத்தில் உட்கார முடியாதா என்று மனைவியைத் திட்டினார். எப்போதும் திட்டினால் கீழே ஒரு முணுமுணுப்பாவது எழும். ஒன்றும் எழவில்லை. காலடிச் சத்தமும் இல்லை.

2:11. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கேபிள் முனையைக் கையில் எடுத்தார். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று.

"ஆஃப்..."

"ஆஃப்தான்."

கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. படிக்கட்டின் மேல் முனையிலிருந்து. முகத்தை எங்கேயோ திருப்பி வைத்துக்கொண்டு, போகிற போக்கில் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. சளி பிடித்த தொண்டை போலக் கட்டையாகவும் இருந்தது. அத்தான் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். மாடி நடையில் வெயில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. நிழல் எதுவும் இல்லை.

2:15. அவருக்குப் பயம் வந்துவிட்டது. சொல்ல வெட்கப்பட்டார், நான்தான் வாயைப் பிடுங்கினேன். பயந்ததை ஒப்புக்கொள்வதைவிட வேலையை முடிப்பது சுலபம் என்று நினைத்தார்.

வயர் தோலை உரிக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அத்தானிடம் இல்லை.

பல் இருந்தது.

கறுப்பு வயரைப் பின்பல்லுக்கு நடுவில் கொடுத்துக் கடித்து இழுத்தார். தோல் கழன்றது. ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு வயரில் ஆகாது. கரண்ட் வருவது சிவப்பில்.

2:17. சிவப்பை எடுத்தார்.

கால் தண்ணீரில். முதுகு ஈரச் சுவரில்.

"ஆஃப்தானே?" என்றார். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

"ஆஃப்தான்."

கதவுக்கு அந்தப் பக்கம். ஒரு முழத்தில்.

ஆம்பளைக் குரல்.

வயர் உதட்டைத் தொடுகிற தூரத்தில் இருந்தது. வாய் திறந்திருந்தது. பயத்தில் கை நின்றதா, அல்லது அந்தப் பதிலை நம்பி இன்னும் மேலே வந்துகொண்டிருந்ததா... அவருக்கே தெரியவில்லை.

2:19. போன் அடித்தது.

சட்டைப் பையில் அது அதிர்ந்த அதிர்ச்சியில் வயர் கையிலிருந்து நழுவியது. இடது கையால் போனை எடுத்தார். அக்கா.

"ஏங்க, பொண்ணும் பிள்ளையும் கார்ல ஏறியாச்சு. அரை மணியில வந்துருவோம்."

"நீ... எங்கேருந்து பேசுற?"

"ஆஸ்பத்திரி வாசல்லேருந்துதான். மெயினப் போட்டுட்டுக் கிளம்புறேன்னு சொன்னேன், நீங்ககூட ம் போட்டீங்களே."

அத்தான் சிவப்பு வயரைப் பார்த்தார். தரையில் தண்ணீருக்கு நாலு விரல் தள்ளி, குழாய்த் துண்டு ஒன்றின் மேல் கிடந்தது.

போன் இல்லாத காதுக்குப் பக்கத்தில்...

"ஆஃப்தான்."

அக்காவுக்கும் கேட்டது. போனில். தெளிவாக.

"யாருங்க அது? தம்பி வந்துட்டானா?" என்றாள்.

*

அக்காவுக்கு இருக்கிற ஒரே தம்பி நான்.

மணி 2:19க்கு நான் ஊரின் மறு கோடியில் ஒரு துணிக்கடையில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். கடை முதலாளி, இரண்டு விற்பனைப் பெண்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2:34க்கு அத்தான் போன் செய்தார். "வா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசவில்லை. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா, மகள், நாலு நாள் பிள்ளை எல்லோரும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். அத்தான் வாசற்படியில் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பேரனைக் கையில் கொடுத்தும் வாங்கவில்லை.

மேலே போய் அந்தச் சிவப்பு வயரில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. கீழே வந்து மெயினை அணைத்து, போர்டிலிருந்து கேபிளை உருவி எறிந்துவிட்டு, அத்தானைப் பிடித்துக்கொண்டேன். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. பெற்ற பெண் கைப்பிள்ளையோடு உள்ளே வந்ததும் அப்பனைக் குளியலறைத் தரையில் பார்த்திருப்பாளே என்றேன். குரலாம், பதிலாம், புத்தி கெட்டவனுக்குக் காற்றடித்தாலும் பதில் மாதிரித்தான் கேட்கும் என்றேன். என்னை எதிர்த்துப் பேசாத அத்தானை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா மட்டும் குறுக்கே வந்து, அது உன் குரல்தான்டா என்றாள். உன் குரல் எனக்குத் தெரியாதா என்றாள்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு அடுப்பில்தான் வெந்நீர் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் போய் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒழுங்காகச் செய்தேன். தடிமனான மூன்று வயர் கேபிள், எர்த், தனி பிரேக்கர், ட்ரிப் ஸ்விட்ச். மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். கீழே யாரையும் நிற்க வைக்கவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வேலை முடியும்போது அத்தான் மாடிக்கு வந்தார். கதவுக்கு வெளியே நின்றே பேசினார்.

"நான் ஒன்னும் கேட்காம கை வைக்கல மாப்ள. நீதானே சொல்லுவே, உன்கூட வேலை பார்த்த ஒருத்தன் கேட்காம கை வச்சுச் செத்தான்னு. அதனாலதான் தடவைக்குத் தடவை கேட்டேன்."

ஆமாம், சொல்லியிருக்கிறேன். அத்தானிடம் மட்டுமா? போகிற வீட்டிலெல்லாம் சொல்வேன். நெட்டை என்று கூப்பிடுவோம் அவனை. மேல்மாடிக் குளியலறையில் ஹீட்டர் மாட்டப் போனான். மெயின் ஆஃபா என்று ஒரு வார்த்தை கேட்கச் சோம்பல் பட்டான், கரிக்கட்டையாகிப் போனான், முட்டாள் பயல். பதினோரு வருஷமாக இப்படித்தான் சொல்லி வருகிறேன். விசாரணைக்கு வந்தவர்களிடமும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அவன் பெண்டாட்டி வந்து என் முன்னால் நின்றாள். வீட்டில் ஒரு பல்பு மாற்றினால்கூட மூன்று தடவை கேட்பாரே, உங்களைக் கேட்கவில்லையா என்றாள். கேட்கவில்லை என்றேன்.

கேட்டான்.

மேலேயிருந்து கத்திக் கேட்டான். நான் கீழே போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கை நீட்டினால் மெயின். போனில் பேசிக்கொண்டிருந்தேன், உருப்படியில்லாத அரட்டை. இடையில் யாரோ வந்து மெயினைப் போட்டுவிட்டுப் போனது எனக்குத் தெரியாது. அவன் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல், போனைக் காதிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றி இதுவரை ஒரு உயிரிடம் வாய் திறந்ததில்லை. போனில் இருந்தவனுக்கு அது எதற்கான பதில் என்றே தெரியாது, தெரிந்து கேட்டவன் நெட்டை ஒருவன்தான். அவன் இல்லை.

இதையெல்லாம் அத்தானிடம் நான் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகாமல் நின்றார். ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து, தயங்கிச் சொன்னார்.

"கடைசித் தடவை, உங்க அக்கா போன்ல இருந்தப்போ, இன்னொரு வார்த்தையும் கேட்டுச்சு மாப்ள. அது என்கிட்ட சொன்ன மாதிரி இல்ல. 'ஆஃப்தான்... ம், நீ சொல்லு'ன்னு."

நெட்டையின் காதில் கடைசியாக விழுந்த வார்த்தை அதுதான்.